பாதாளத்துக்கு ஒரு டோக்கன்

ரயில் நிலையத்தின் இரண்டாவது வாசலை ஒட்டி, குடிநீர்க் குழாய்களுக்கும் கழிப்பறைக்கும் நடுவே நீளமாக ஓர் அறை இருக்கிறது. அடுத்த ரயிலுக்கு நேரமிருப்பவர்கள் பெட்டி படுக்கைகளை அங்கே ஒப்படைத்துவிட்டு வெளியே போவார்கள். வாங்கி வைப்பவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. பத்தொன்பது வருடமாக அதே முக்காலி, அதே இரும்பு அலமாரிகள், அதே ஜன்னல். சம்பளச் சீட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சுமை தூக்குகிறவர்களிலிருந்து நிலைய அதிகாரி வரைக்கும் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா.

டோக்கன் என்பது பிஸ்கட் அளவில் ஒரு அலுமினிய வில்லை. ஓரத்தில் துளை, நடுவில் சுத்தியலால் அடித்த எண். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு வில்லைகள். ஒன்று பையின் பிடியில் கட்டப்படும்; மற்றது ஆளின் கையில் போகும். திரும்பி வருகிறவர் வில்லையை நீட்டினால் அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்து, அப்புறம்தான் பையைத் தள்ளுவாள். ஒரு முறை நிலைய அதிகாரியே மதியம் வைத்த பையைச் சாயங்காலம் கேட்டு வந்தார். டோக்கன் வீட்டில் இருக்கிறதாம்.

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"உங்களை எனக்குத் தெரியும் சார். உங்க பைக்கு உங்களைத் தெரியாதே. டோக்கனைக் கொண்டாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். அந்தக் கதை நிலையத்தில் இன்னும் ஓடுகிறது.

இப்படிப்பட்டவள் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு வசதி! கடற்கரைக்குப் போனால் எல்லோருடைய செருப்பும் அவள் காலடியில். கல்யாண மண்டபத்தில் கைப்பைகள், கைக்குழந்தைகள், கழற்றிய நகைகளைப் போட்ட பெட்டி. ஆஸ்பத்திரி என்றால் ஃபைல்களும் ஃபிளாஸ்க்கும். வாரம் முழுக்கச் சம்பளத்துக்குச் செய்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா செய்தாள். குடும்பப் புகைப்படங்களில் அவளைக் கண்டுபிடிப்பது சுலபம். பைகள் எங்கே குவிந்து கிடக்கின்றனவோ, அந்தக் குவியலின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும்.

அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும் என்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தவள் மகள். மருந்துக்கடையில் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டாள். மகள், மாப்பிள்ளை, அக்காவின் கணவர், அவருடைய தங்கை, அக்கா, ஆக ஐந்து பேர். கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கிறவர். "நாள் பூரா தண்ணியிலதான் கை வைக்கிறேன், லீவு நாள்லயும் தண்ணியா" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். ஆனால் புது அரைக்கால் சட்டை ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்திருந்ததை அக்கா பார்த்திருந்தாள்.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் மணிக்கட்டில் ஒட்டுகிற காகிதப் பட்டைகளை எடுத்தாள். நான்கு நீலம். ஒன்று மஞ்சள்.

"மஞ்சள் யாருக்கு?"

"அம்மாவுக்கு" என்றாள் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்கா கையை நீட்டினாள். பட்டை ஒட்டி முடிந்ததும் கேட்டாள்: "மஞ்சள்னா என்னம்மா?"

"பார்வையாளர் டிக்கெட்டுங்க. உள்ளே வரலாம், உக்காரலாம், பாக்கலாம். சறுக்கு எதுலயும் ஏற முடியாது."

"காலை நனைக்கலாமா?"

"முழங்கால் வரைக்கும் பரவாயில்லைங்க."

அக்கா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் குடை ஒன்றின் கீழ் நாற்காலி பிடித்தார்கள். இரண்டே நிமிடத்தில் அவள் மடியிலும் காலடியிலும் நான்கு பைகள், மூன்று போன்கள், இரண்டு கைக்கடிகாரங்கள், நாத்தனாரின் காதணிகள் சுருட்டிய கைக்குட்டை. எல்லோரும் தண்ணீருக்கு ஓடினார்கள். புது அரைக்கால் சட்டை எல்லோருக்கும் முன்னால் ஓடியது.

உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது பாதாளம் என்ற சறுக்கு.

ஆறு மாடி உயரத்துக்கு ஒரு இரும்புக் கோபுரம். உச்சியில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே போய் நிற்க வேண்டியது, கதவு சாத்தப்படும், ஒலிபெருக்கி மூன்றிலிருந்து கீழே எண்ணும், காலடித் தளம் சட்டென்று விலகிவிடும். அப்புறம் ஆளைக் காணோம். நீலக் குழாய் ஒன்று நெட்டுக்குத்தாக இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே தொட்டியில் அவரைக் கக்கும்.

அக்காவுக்குப் பைகளை எண்ணிப் பழக்கம். ஆட்களை எண்ண ஆரம்பித்தாள். பதினொன்றரை மணிக்குள் நாற்பத்து மூன்று பேர் குழாய் வழியாக வந்தார்கள். ஆறு பேர் படிக்கட்டு வழியாகத் திரும்பி வந்தார்கள். அந்த ஆறில் நாலு பேர் நல்ல ஆஜானுபாகுவான ஆண்கள். அவர்கள் எல்லோருமே இறங்கி வந்த பிறகு முதுகு வலிக்காரர்களைப் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

பைகளை நாற்காலியில் சேர்த்துக் கட்டிவிட்டு, கண்ணை அதன்மேல் வைத்தபடியே பத்தடி நடந்து போய், கோபுரத்தின் கீழே இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தாள். எடை நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல், நூற்றுக்குள். வயது அறுபதுக்குள். இதய நோய், இரத்த அழுத்தம், வலிப்பு, முதுகுத்தண்டு வலி, கர்ப்பம் உள்ளவர்கள் ஏறக் கூடாது. நகைகளோடு ஏறக் கூடாது. இரண்டு தடவை படித்தாள். மாமியார்கள் ஏறக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பசி வந்து எல்லோரும் குடைக்குத் திரும்பினார்கள். சாண்ட்விச் கைமாறியது. பேச்சு பாதாளத்துக்கு வந்தது.

"சாப்பிட்டு முடிச்சதும் நான் போறேன்" என்றார் மாப்பிள்ளை.

"காலையிலயும் இதேதான் சொன்னீங்க" என்றாள் மகள்.

"எனக்கு அதைப் பாத்தாலே வயித்தைக் கலக்குதுப்பா" என்றாள் நாத்தனார்.

"நான் போறேன்" என்றாள் அக்கா.

முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. அவள் எதையோ எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்ட மகள், "வரும்போது தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா" என்றாள்.

"தண்ணி இல்லை. பாதாளத்துக்குப் போறேன்."

கணவர் சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. நாத்தனார் அவர் தலையில் தட்டினாள்.

"அண்ணி, வெயில்ல உக்காந்து ஏதாவது ஆயிடுச்சா?"

"உன் முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்றார் கணவர்.

"எனக்கு எப்ப முதுகு வலிச்சுது? முதுகு வலி உங்களுக்கு. தைலம் தேய்க்கிறதுதான் நான்."

"பிரஷர்?"

"அது உங்க தங்கைக்கு."

நாத்தனார் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டாள்.

"அத்தை, அது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு இல்லை" என்றார் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி, கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விளக்குகிற தோரணையில்.

"பின்ன நீங்க ஏன் மாப்பிள்ளை இன்னும் போகலை?"

மகள் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். "அம்மா, உனக்கு மஞ்சள்மா. விட மாட்டாங்க."

"மஞ்சள் யார் வாங்கினது?"

"நீதான் எதுலயும் இறங்க மாட்டியே."

"கேட்டியா?"

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்ப."

அது உண்மை. நேற்று கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள்; எனக்கெதுக்கு, நான் பை பார்த்துக்கறேன் என்று. அது உண்மையாக இருந்ததுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. மஞ்சளா நீலமா என்று கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்குத் தன் பதில் வீட்டில் மனப்பாடமாகிக் கிடக்கிறது.

"அப்ப இப்ப கேக்கலாம்ல" என்றாள்.

"சரி, ஏறப் போறியா?" என்றாள் மகள், விளையாட்டாக.

"ஆமாம்" என்று எழுந்தாள்.

வாசல் மேசைக்குப் போய் மணிக்கட்டை நீட்டினாள். இதை நீலமாக மாற்ற வேண்டும் என்றாள். யாருக்கு என்று கேட்ட பெண்ணிடம், "இந்தக் கை யாரோடதோ அவளுக்குத்தான்" என்றாள். கத்தரிக்கோல் மஞ்சளை வெட்டியது. நைலான் சட்டையும் காற்சட்டையும் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு குடைக்கு வந்தபோது அவளைப் பார்த்த கணவர், "இது யாரு?" என்றார். கிண்டலா, நிஜமாகவே அடையாளம் தெரியவில்லையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் தன் கைப்பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடி, மோதிரம், வளையல்கள் எல்லாவற்றையும் அதற்குள் போட்டாள். பக்கப் பையில் நேற்று சீருடைப் பாக்கெட்டில் மாட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்ட ஒரு ஜோடி டோக்கன் இருந்தது. எண் 212. ஒன்றைக் கைப்பையின் பிடியில் கட்டி, பையைக் கணவரின் மடியில் வைத்தாள். மற்றதைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அது நகை இல்லை. பலகையில் நகை என்றுதான் போட்டிருந்தது.

"எனக்கேவா டோக்கன்?"

"யாராயிருந்தாலும். டோக்கன் இல்லாம நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"உத்தரவு" என்றார் அவர், பையைக் காலுக்கடியில் தள்ளியபடி.

"மடியில வைங்க."

மடியில் வைத்துக்கொண்டார்.

படிகள் நூற்று இருபத்தாறு. மூக்குக் கண்ணாடி இல்லாததால் கீழே இருந்த உலகம் மூன்றாவது வளைவிலேயே கரைந்துபோயிற்று. நீலமாக ஒரு பரப்பு, அதில் வண்ண வண்ணமாகப் புள்ளிகள். உயரம் தெரியவில்லை என்பது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். உச்சியில் எடைக்கருவிக்குப் பக்கத்தில் ஊதல் மாட்டிய ஒரு பெண் நின்றாள். அறுபத்தெட்டு கிலோ. அக்காவுக்கு அது முன்னமே தெரியும். எந்தப் பெட்டியையும் பார்வையிலேயே அரைக் கிலோ முன்பின்னாகச் சொல்கிறவள், தன்னையும் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தாள்.

"முதுகைப் பின்னாடி ஒட்டி வைங்க. ஒரு காலை இன்னொரு கால் மேல போடுங்க. கை ரெண்டும் நெஞ்சுமேல. தளம் விலகும்போது குனியாதீங்க."

கதவு சாத்தப்பட்டது. சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றுபோயிற்று. கழுத்துக்குப் பின்னால் தண்ணீர் வழிந்தது. குதிகாலுக்குக் கீழே தளம் இலேசாக நடுங்குவது தெரிந்தது. லக்கேஜ் அறையின் ஜன்னல் பலகைக்கும் இப்படி ஒரு கீல் உண்டு. தாழ்ப்பாளைத் தட்டினால் பொத்தென்று விழும். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள். இப்போது அந்தப் பலகையின்மேல் தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது குதிகாலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது.

ஒலிபெருக்கி, "மூன்று" என்றது.

அக்கா கூண்டின் கண்ணாடியைத் தட்டினாள். "திறங்க. திறங்க."

ஊதல் பெண் உடனே திறந்துவிட்டாள். "பரவாயில்லைம்மா. தினமும் பத்துப் பேர் இப்படித் திரும்புவாங்க" என்றாள். ஏறி வருகிறவர்களிடம் வழி கேட்டுக் கேட்டு, அக்கா நூற்று இருபத்தாறு படியையும் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினாள். ஏழாவது ஆள் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

கீழே யாரும் கேலி செய்யவில்லை. மகள் துண்டைப் போர்த்திவிட்டாள். "அவ்வளவு தூரம் ஏறினதே பெரிசு அண்ணி" என்றாள் நாத்தனார். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார். கணவர், "நல்ல வேலை பண்ணின, எனக்கு உயிரே இல்லை" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. போகட்டும், ஏறிப் பார்த்தாயிற்று, இனிமேல் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க வேண்டாம் என்று உட்கார்ந்தாள். அந்த நாள் அத்தோடு முடிந்திருக்கும்.

அலைக்குளத்தில் அலை விடப்போவதாகச் சங்கு ஊதியது. "ஆரம்பிச்சுட்டான்" என்று மகள் துள்ளினாள். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைக் கழற்றினார். "அத்தை, இதைக் கொஞ்சம்" என்று அவள் மடியில் வைத்தார். மகளின் போன் வந்தது. காதணிக் கைக்குட்டை வந்தது. கடைசியில் கணவர் தன் மடியிலிருந்த கைப்பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"இந்தா, உன்னுது."

பையின் பிடியில் 212 ஆடியது.

"டோக்கன் கேக்கலையே நீங்க."

"என்னது?"

"டோக்கன் கேக்காம குடுக்கறீங்களே."

"அட, நீதானே!"

"நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறதா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனால் எழுந்துவிட்டாள். கைக்கடிகாரத்தை மாப்பிள்ளையிடம் நீட்டினாள். போனை மகள் கையில் திணித்தாள். கைக்குட்டையை நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"அம்மா, எங்கே?"

"கவுன்ட்டர் மூடியாச்சு."

"அதான் பயந்து இறங்கி வந்துட்டியே, மறுபடியும் எதுக்கும்மா?" மகளின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"பயந்தேன்தான். பயந்தா என்ன, பையைத் தூக்கி மடியில வெச்சுடுவீங்களா?"

கைப்பையைக் கணவர் மடியில் திரும்ப வைத்தாள். "இந்தத் தடவை கேளுங்க" என்றாள்.

இரண்டாம் தடவை படி கூடுதலாகத் தெரிந்தது. எழுபதாவது படியில் வலது முழங்கால் சொடுக்கியது. முன்னால் போன இளைஞர்கள் இரண்டு பேர் ஒதுங்கி, "முதல்ல நீங்க போங்கம்மா" என்றார்கள். மரியாதையா, தைரியக் குறைச்சலா என்று அவள் ஆராயவில்லை.

"மறுபடியுமா?" என்றாள் ஊதல் பெண்.

"மறுபடியும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமெல்லாம் இல்லை. கதவைச் சாத்து."

ஊதல் பெண் சிரித்துக்கொண்டே சாத்தினாள். பயம் குறையவே இல்லை. அதே தளம், அதே நடுக்கம், கழுத்தில் அதே சில்லென்ற தண்ணீர். குதிகால் முதல் தடவை சொன்னதையே இன்னும் பலமாகச் சொன்னது. சொல்லிக்கொண்டிரு என்று விட்டுவிட்டாள். மூன்று. டோக்கனை இறுக்கினாள். இரண்டு. தட்டலாம், இப்போதும் தட்டலாம். தட்டினால் ஊதல் பெண் திறப்பாள், நூற்று இருபத்தாறு படி, துண்டு, நாற்காலி, மடி.

ஒன்று.

தளம் போய்விட்டது. வயிறு மேலேயே நின்றுவிட்டது. அவள் மட்டும் விழுந்தாள். தண்ணீர் மூக்கில் ஏறியது, முதுகு எதிலோ உரசியது, நீலமெல்லாம் வெள்ளையாயிற்று. வாயைத் திறந்து கத்தினாள். அம்மா என்றோ ஐயோ என்றோ கத்தியிருக்கலாம். வந்தது வேறு. ரயில் நிலையத்தில் பத்தொன்பது வருடமாகக் காதில் மட்டும் விழுந்த, ஒரு நாளும் நாக்குக்கு வராத ஒரு வார்த்தை. குழாய் முழுக்க அது எதிரொலித்து, அவளுக்கு முன்பே கீழே போய்ச் சேர்ந்தது.

தொட்டியில் உருண்டு எழுந்தபோது தலைமுடி முகத்தை மூடியிருந்தது. ஒரு காலில் நின்று, இருமி, துப்பி, கம்பியைப் பிடித்து வெளியே வந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நான்கு மங்கலான உருவங்கள். அலைக்குளத்துக்கு யாரும் போயிருக்கவில்லை.

"அம்மா!" மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ன கத்தின நீ? இங்க வரைக்கும் கேட்டுச்சு!"

"அண்ணிக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியுமா!" என்றாள் நாத்தனார்.

"எல்லாம் தெரியும்."

அவர்களில் புது அரைக்கால் சட்டை போட்ட உருவத்தைப் பார்த்து நடந்தாள். அவர் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து நின்றிருந்தார். கை நீட்டினாள்.

"கண்ணாடியைக் குடுங்க. ஒண்ணும் தெரியலை."

அவர் அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டோக்கன்?"

வலது கை இன்னும் மூடியே இருந்தது. விரல்கள் மரத்துப்போய்த் திறக்க மறுத்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வில்லை உள்ளங்கையில் அழுந்தி வட்டமாகத் தடம் பதித்திருந்தது. அவர் அதை எடுத்து, பிடியில் தொங்கியதோடு பக்கத்தில் வைத்து, எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகுதான் பையைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். எல்லோருடைய முகமும் இடத்துக்கு வந்தது. மாப்பிள்ளை கோபுரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எப்ப மாப்பிள்ளை? வாட்சைக் கழட்டி மாமாகிட்ட குடுங்க" என்றாள் அக்கா. "டோக்கன் போட்டுத் தருவாரு."

மாமா கையை நீட்டினார்.